டீயோடு வரும் செட்டு

ஒச்சாயிக்கு வாய் நீளம். அதை அவள் புருஷன் பெருமாள்சாமி சொன்னால் அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைக்காது என்பது வேறு விஷயம். மற்றபடி திருப்பூர் நல்லூரில் அந்தப் பனியன் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓவர்லாக் மிஷினில் கை பாட்டுக்கு டீசர்ட்டுக்குத் தோள் மூட்டிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்கு சூப்பர்வைசர் அருள்செல்வனைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்.

"ஏப்பா, பீஸு பீஸுன்னு அடிச்சுக்கிறியே, பீஸ் என்ன ஒங்க வீட்டு வாசல்ல மொளைக்குதா, பறிச்சுக் குடுக்க?"

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. திருப்பூர் பாஷையில் ஒன்றிரண்டு 'ங்க' அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டதே தவிர, அந்த வாய் மட்டும் அடங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டுப் போட்டுக் கிடந்தது. அது அவள் நெஞ்சு.

சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது தெரிய வந்ததே நாற்பது தாண்டித்தான். கோயமுத்தூரில் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போனதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு வால்வு வைத்தார்கள். ரத்தம் ஓடுகிற இடத்தில் உலோகம் இருந்தால் அதில் ரத்தம் கட்டி நிற்கும், கட்டி நின்றது பிய்த்துக்கொண்டு மூளைக்கு ஓடினால் கை கால் விழுந்துவிடும். அதனால் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை, தினமும் சாயங்காலம். ரத்தம் லேசில் கட்டிவிடவும் கூடாது, அடிபட்டால் கட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கவும் கூடாது, நடுவில் நிற்க வேண்டும் என்றார்கள். நடுவில்தான் நிற்கிறதா என்று பார்க்க மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. ஒச்சாயி அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. முருங்கைக் கீரையை வெறி பிடித்ததுபோல ஒரு வாரம் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருக்கக் கூடாது, எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொன்னதைக்கூட அப்படியே கேட்டாள்.

பிறகு ஏன் மறைத்தாள் என்றால், முன்னால் வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்ததுதான் காரணம். சொன்ன மறுநாளே "ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எடுத்த ரெஸ்ட் அப்படியே நின்றுபோனது, திரும்பக் கூப்பிட ஒரு நாதியும் இல்லை. அதனால் நல்லூருக்கு வரும்போது கழுத்துவரை ஏற்றித் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கமுக்கமாக வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அந்த வால்வுக்கும் வாய் இருந்தது. கரண்ட் போய் மொத்த மிஷினும் நின்றால், டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். பக்கத்து மிஷின் ரோஸ்மேரிதான் முதலில் கேட்டாள். தூத்துக்குடிப் பிள்ளை, காது கூர்மை.

"எக்கா, ஒங்க பக்கத்துலருந்து என்னமோ சத்தம் வருது?"

"ஜாக்கெட்டுக்குள்ள வாட்ச் வச்சிருக்கேன்டி. கையில கட்டுனா துணியில மாட்டுது."

சிரித்தார்கள், நம்பினார்கள். அதற்கப்புறம் கரண்ட் போனால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "ஒச்சாயக்கா, ஜாக்கெட்டுல மணி என்ன?" அவளும் சளைக்காமல், "ஒன் மாமியா வர்ற நேரம்டி" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஷிப்மெண்ட் வந்தது.

ஷிப்மெண்ட் நெருங்கினால் கம்பெனியில் ஒரு வழக்கம். சாயங்கால டீ வரும்போது டீ கிளாஸ்களுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலம் வரும். அதுதான் செட்டு. வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பொடியாக இன்னொன்று. என்ன பேர், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. முக்கு மெடிக்கலில் "உடம்பு வலிக்கு செட்டு குடுங்க" என்றால் கையில் கொட்டிக் கொடுப்பான், அருள்செல்வன் மொத்தமாக வாங்கி வந்துவிடுவான். போட்ட கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வலி, இடுப்பு வலி எல்லாம் எங்கே போனதென்றே தெரியாது. இன்னொரு நாலு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் தைக்கலாம்.

முதல் பொட்டலத்தை எடுப்பது எப்போதும் ஓனர் வெள்ளியங்கிரிதான். தோட்டம் துரவு உள்ள குடும்பம், இருந்தும் ஷிப்மெண்ட் என்றால் பேக்கிங்கில் நின்று அட்டைப்பெட்டி தூக்குகிற மனுஷன். லைன் முன்னால் வந்து நின்று, எல்லாரும் பார்க்கப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டு டீயைக் குடிப்பார். "நாம எல்லாம் ஒரு குடும்பமுங்க" என்பார். அவருக்கு இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. அவர் கம்பெனிக்குத் திரும்பி வந்த அன்று வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆரத்தித் தட்டைப் பிடித்ததே ஒச்சாயிதான். ரத்தம் கட்டாமல் இருக்க அவரும் தினமும் மாத்திரை போடுகிறார் என்று அன்றைக்குக் கேள்விப்பட்டபோது, நம்ம ஜாதி ஒன்று இங்கே இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒச்சாயியும் செட்டைப் போட்டாள். தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது உண்மை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. டாக்டர் தன்னைக் கேட்காமல் வேறு மாத்திரை தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார், அவளும் தொட்டதில்லை. காய்ச்சல் வந்தால்கூட ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் போடுவாள். ஆனால் செட்டு அவளுக்கு மாத்திரையாகவே படவில்லை. அது டீயோடு வருகிறது, பன்னு வருகிற மாதிரி. பன்னு தின்னலாமா என்று யாராவது டாக்டரிடம் போய்க் கேட்பார்களா? அந்த லைனில் இருந்த அத்தனை பேருக்கும் அதே நினைப்புதான்.

இந்தத் தடவை ஷிப்மெண்ட் இழுத்துக்கொண்டே போக, செட்டும் தினமும் உள்ளே போனது. முதலில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ் புதுசு, குத்தியிருக்கும் என்று விட்டாள். தொடையில் நீலம் நீலமாகத் திட்டு வந்தது. மிஷின் ஸ்டாண்டு இடித்திருக்கும் என்று விட்டாள். ஷிப்மெண்ட் முடிகிற வாரம் ஒரு காலையில் வெளிக்குப் போனவள் குனிந்து பார்த்தாள். தார் ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள்.

"நேத்து என்னத்தையாச்சும் தின்னுருப்ப. ஒரு சோடாவக் குடிச்சுட்டுப் படு, சரியாப் போகும்" என்றான் பெருமாள்சாமி. கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. பெரிய வியாதியைச் சோடாவால் சின்னதாக்கிவிடலாம் என்று நம்புகிறவன்.

"ஏய்யா, கறுப்பாப் போனா உக்காந்து யோசிக்காத, ஓடி வான்னு டாக்டரம்மா அன்னிக்கே சொல்லிருக்கு. நீ சோடாங்கிற. உள்ளுக்குள்ள ரத்தம் ஒழுகுதுய்யா! ஆட்டோவக் கூப்பிடப் போறியா, நான் நடந்து போகட்டுமா?"

ஆட்டோ வந்தது.

மாதாமாதம் போகிற ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் நிற்க வேண்டிய அளவு, ரத்தம் கட்டவே கட்டாத பக்கமாக எங்கேயோ போயிருந்தது. ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்கள். வயிற்றில் புண், அதிலிருந்துதான் கசிகிறது என்றார்கள். டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்லம்மா."

"நாட்டு மருந்து, கஷாயம்?"

"கருப்பசாமி சத்தியமா இல்லம்மா. நான் அப்பிடிப்பட்டவ இல்ல."

பொய் சொல்லவில்லை. மனசறிந்து அதுதான் அவளுக்கு உண்மை. டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்க, ஒச்சாயிக்குக் கோபமே வந்துவிட்டது. இந்தம்மா என்ன, திருடியைக் கேட்கிற மாதிரி கேட்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ரோஸ்மேரி பிரட்டும் ஆரஞ்சுப் பழமுமாகப் பார்க்க வந்தாள். வந்ததும் வராததுமாக, "என்னக்கா, தினமும் செட்டு போட்டும் ஒடம்பு கேக்கலியா?" என்றாள். அடுத்த கட்டிலில் நின்றுகொண்டிருந்த டாக்டரம்மா சடக்கென்று திரும்பினார்.

"என்ன செட்டு?"

ரோஸ்மேரி சொல்லச் சொல்ல ஒச்சாயிக்கு முதுகில் வேர்த்தது. அடிப்பாவி மகளே, அதுவும் மாத்திரைதானே! வெள்ளையும் மஞ்சளுமாக இந்தக் கையால்தானே எடுத்து வாயில் போட்டோம்! தலையில் நங்கென்று ஒன்று போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

டாக்டரம்மா கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலி மாத்திரை வயித்தப் புண்ணாக்கும். நீங்க போடற மாத்திரை அந்தப் புண்ணுல ரத்தம் நிக்க விடாது. ரெண்டும் சேந்தா இப்படித்தான். போன வாரம் மங்கலத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு, தறி ஓட்டறவர். உங்கள மாதிரி வால்வு இல்ல, ஸ்டென்ட் வச்சவர். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை. இடுப்பு வலிக்கு இதே செட்டு. ரத்த வாந்தி எடுத்துட்டே வந்தாரு. காப்பாத்த முடியல."

ஒச்சாயிக்கு டீ ட்ரே முன்னால் நின்று முதல் பொட்டலத்தைப் பிரிக்கிற ஒரு வெள்ளைச் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப அந்தப் பழைய மாத்திரைய நிறுத்திப்புடுங்கம்மா."

"நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டும். நீங்களா நிறுத்தவும் கூடாது, மறந்துட்டோம்னு மறுநாள் சேத்துப் போடவும் கூடாது. புண்ணு ஆறுனதும் நாங்களே பாத்து அளவா ஆரம்பிப்போம்."

"வேலைக்குப் போகலாமாம்மா?" இதைக் கேட்கும்போது மட்டும் அந்த நீள வாய் குட்டையாகிவிட்டது.

"ஏன் போகக் கூடாது? தைங்க. கையில ஊசி ஏறுனா துணிய வச்சு அழுத்திப் பிடிங்க, கொஞ்சம் லேட்டா நிக்கும், ஆனா நிக்கும். நிக்கலைன்னா வாங்க. தலையில அடிபட்டா மட்டும் வெளிய ஒரு சொட்டு ரத்தம் தெரியலைன்னாலும் நேரா ஆஸ்பத்திரி. பல்லு புடுங்கப் போனாலும் சரி, மெடிக்கல் போனாலும் சரி, முதல்ல இந்த மாத்திரை போடறேன்னு சொல்லுங்க. வேலை செய்யற எடத்துலயும் சொல்லுங்க. மறைச்சதுதான் உங்கள இங்க கொண்டுவந்து படுக்க வச்சிருக்கு."

சொல்லலாம். சொன்னால் மிஷின் போய்விடும். சொல்லாவிட்டால் உயிர் போய்விடும். நல்ல கணக்கு என்று நினைத்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அவள் சொல்வதற்கு ரோஸ்மேரி வேலையே வைக்கவில்லை. புண் ஆறி, மாத்திரை பழையபடி ஆரம்பித்து, அளவு நடுவில் வந்து நிற்கிறது என்று பார்த்து அனுப்பிய பிறகு கம்பெனிக்குப் போனபோது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அருள்செல்வன் அவளை லைனுக்குள் விடாமல் நேராக ஓனர் அறைக்குக் கூட்டிப்போனான்.

"வாங்க ஒச்சாயி, உக்காருங்க. இப்ப ஒடம்பு எப்படிங்க இருக்குது? சாப்பிட்டீங்களா?" என்றார் வெள்ளியங்கிரி. "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. நெஞ்சுல இத்தன பெரிய சமாச்சாரத்த வெச்சுட்டு நீங்க தைக்கறது எனக்கே பொறுக்கலீங்க. ஊசி ஒண்ணு ஏறுனாக்கூட ரத்தம் நிக்காதாமா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? ஊட்ல இருங்க. ஒடம்பப் பாத்துக்குங்க. அப்புறம் பாக்கலாமுங்க."

பக்கத்திலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அவர் கையாலேயே கொடுத்தார். இந்த ஊரில் அதுதான் சங்கடம். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைக்கூட 'ங்க' போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு, கையில் ஒன்றைக் கொடுத்துச் செய்வார்கள். தள்ளப்பட்டோம் என்பது பஸ் ஸ்டாப் போன பிறகுதான் உறைக்கும்.

ஒச்சாயிக்கும் பஸ் ஸ்டாப்பில்தான் உறைத்தது. பெருமாள்சாமி வண்டியோடு நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டு, "விடு புள்ள, அவரு சொல்றதும் சரிதான. ஒடம்புதான முக்கியம்" என்றான்.

"என்னய்யா சரி? நெஞ்சப் பொளந்து வால்வு வச்சது வீட்ல மூலையில குந்தி டிவி பாக்கவா? ரத்தம் நிக்காதாம்ல, எவன் சொன்னான் நிக்காதுன்னு? எனக்கு வந்தது ஊசி குத்தி வந்ததாய்யா? அவரு குடுத்த டீயில வந்தது! குடுத்த ஆளு உள்ள இருப்பாரு, குடிச்சவ வெளிய போகணுமா? இந்தா, இத நீயே குடி!"

ஹார்லிக்ஸை அவன் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

உள்ளே போனபோது அடுத்த ஷிப்மெண்ட்டுக்கான டீ நேரம். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தன் மிஷினில் உட்கார்ந்தாள். வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவி, மார்க்கரால் கோணல்மாணலாக எழுதினாள். 'நான் ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை போடுறவ. வலி மாத்திரை எனக்கு ஆகாது. தலையில் அடிபட்டா ஒடனே ஆஸ்பத்திரி.' அதை மிஷின் லைட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஊக்குப் போட்டுத் தொங்கவிட்டாள். இத்தனை நாள் கழுத்துவரை மூடி வைத்திருந்ததை இப்போது ஊருக்கே கொடி ஏற்றியாயிற்று.

அதற்குள் டீ ட்ரே வந்தது. வெள்ளியங்கிரி லைன் முன்னால் வந்து ஒரு கையில் கிளாஸும் ஒரு கையில் பொட்டலமுமாக நின்றார். அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஏனுங்க ஒச்சாயி, அத்தன தூரம் சொன்னனே."

"சொன்னீங்க மொதலாளி, கேட்டுக்கிட்டேன். இப்ப நான் சொல்றதக் கேளுங்க." ஒச்சாயி எழுந்து ட்ரேயைப் பிடித்தாள். பொட்டலங்களை எல்லாம் மொத்தமாக வழித்து வேஸ்ட் மூட்டைக்குள் போட்டாள். "இதுதான் என்னயப் படுக்க வச்சது. இது என்ன மாத்திரைன்னு யாருக்காச்சும் தெரியுமா? எனக்கும் தெரியாது. நானும் மடச்சியாத்தான் தின்னேன்."

லைனில் சலசலப்பு. பின்னாலிருந்து ஒருத்தி, "ஒனக்குச் சேரலைன்னா நீ போடாத. எங்களுக்கு ஏன் கெடுக்குற? இது இல்லாம எப்படி நிக்கிறது?" என்று கத்தினாள்.

"நிக்காத! வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. கைய எடு, எந்திரிச்சு வீட்டுக்குப் போ. வலிய மாத்திரையப் போட்டு அமுக்கிட்டு, அமுக்குனது தெரியாமத் தைச்சுக்கிட்டே இருந்தா, அது உள்ள என்னத்த அறுக்குதுன்னு எப்படிடி தெரியும்?"

வெள்ளியங்கிரி குரலை உயர்த்தவில்லை. ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. "அத்தன பேரும் போடறாங்க. நானுந்தான் தெனமும் போடறனுங்க. எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"அதுக்குத்தான் திரும்பி வந்தேன்." ஒச்சாயி அவர் முன்னால் போய் நின்றாள். கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. "மங்கலத்துல ஒருத்தரு. ஒங்கள மாதிரியே ஸ்டென்ட். ஒங்கள மாதிரியே ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை. இதே செட்டு. ரத்த வாந்தி எடுத்துச் செத்துப்போனாரு. ஒங்க நெஞ்சுலயும் வச்சிருக்கு, என் நெஞ்சுலயும் வச்சிருக்கு. நீங்க மாத்திரை போடுறீங்க, நானும் போடுறேன். நீங்க திரும்பி வந்தப்ப நான் ஆரத்தி எடுத்தேன். நான் திரும்பி வந்தா ஹார்லிக்ஸக் குடுத்து வெளிய அனுப்புறீங்க. ஏன் மொதலாளி, ஒங்கள யாருங்க ஊட்ல இருக்கச் சொன்னா?"

தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள். ரோஸ்மேரி எடுத்தாள். கடைசி மிஷினும் நின்றது. கரண்ட் போனால் மட்டும் வருகிற அந்த அமைதி வந்தது. டிக், டிக், டிக்.

வெள்ளியங்கிரி பேக்கிங்கிலும் கண்ணாடி அறையிலுமே இருக்கிற மனுஷன், மிஷின் ஓடும்போதுதான் லைனுக்கு வருவார், அந்தச் சத்தத்தை இதுவரை கேட்டதில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது என்னங்க சத்தம்?"

"வாட்ச்னு இத்தன நாளா இவளுககிட்டப் பொய் சொன்னேன். வாட்ச் இல்லீங்க, என் நெஞ்சு. ஒங்களுது சத்தம் போடாது. ஒங்களுக்கும் எனக்கும் அம்புட்டுத்தான் வித்தியாசம்."

மணி என்ன என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. வெள்ளியங்கிரி கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொரு கை தன்னையறியாமல் போய்ச் சட்டைக்கு மேலே வயிற்றைத் தடவியது. சாயங்காலமானால் அங்கே எரிகிறது என்று அவர் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார் என்று ஒச்சாயிக்கு அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் ட்ரேயில் வைத்தார்.

"டாக்டருகிட்டப் போங்க மொதலாளி, இன்னைக்கே" என்றாள் ஒச்சாயி, குரல் கொஞ்சம் இறங்கி. அவர் டீயையும் குடிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.

ஒச்சாயி உட்கார்ந்தாள். லைட்டில் தொங்கிய துணியை நேராக இழுத்துவிட்டாள்.

"என்னப்பா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அருள்செல்வனிடம். "நூல் கோனு தீந்துபோச்சு. எடுத்தா."

அவன் எடுத்து வந்தான்.